ஸ்ரீக்குத் தனி எண் வேண்டாம்

இலங்கையில் கணினியும் தாய்மொழியும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் எழும்: யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் சிங்கள எழுத்துகள் முழுமையாக இல்லை. சான்றாக நாட்டின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ஸ்ரீ’யையே எடுத்துக் காட்டுவார்கள். சிங்கள ஸ்ரீயின் அடியில் வளைந்து கிடக்கும் ரகரக் குறிக்கு, அதாவது ரகாராம்சய எனப்படுவதற்கு, தனிக் குறியெண் கிடையாது. ‘வித்யாலய’ என்ற சொல்லில் வரும் யம்சய என்ற யகரக் குறிக்கும், அடுத்த மெய்யின் தலைமேல் ஏறி நிற்கும் ரேபயவுக்கும் அதே கதிதான். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் ஸ்ரீயைக் கணினி ஐந்து குறியெண்களாக வைத்துக்கொள்கிறது: தாலவ்ய சகரம், மெய்யாக்கும் குறியான அல் லகுண, அகலமில்லா இணைப்பி, ரகரம், நெடில் ஈகாரக் குறி. இவற்றில் இணைப்பி கண்ணுக்கே தெரியாதது. ஆகவே சிங்களம் கணினியில் குறைப்பட்டுக் கிடக்கிறது, ஒவ்வோர் எழுத்து வடிவத்துக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் குறை தீரும் என்று முடிக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருப்பதால் இந்த வாதம் எளிதில் பரவிவிட்டது. ஆனால் இது நோயையும் தவறாகக் கணிக்கிறது, மருந்தையும் தவறாகச் சொல்கிறது. கேட்டது கிடைத்தால் சிங்களம் இன்றைக்கு இருப்பதைவிட மோசமான நிலைக்குப் போகும்.

சிங்கள எழுத்தின் எண்ணைப் பற்றித் தமிழ் வாசகர் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி வரும். வாகன இலக்கத் தகடுகளில் இந்தச் சிங்கள ஸ்ரீ ஏறியதும், அதை எதிர்த்துத் தமிழர் தார்ச் சட்டியோடு தெருவில் இறங்கியதும், 1958 வன்முறைக்கு முன்னான மாதங்களின் கசப்பும் மறக்கக்கூடியவை அல்ல. அந்த வழக்கு வேறு. அரசு தன் குடிமக்கள்மேல் ஓர் எழுத்தைத் திணிக்கலாமா என்பது அங்கே கேள்வி. இங்கே நம்மைத் தொடுவது இன்னொன்று. ‘ஓர் எழுத்துக்கு ஓர் எண்’ என்ற இதே கோரிக்கை தமிழுக்காகவும் எழுந்தது. 247 எழுத்துகளுக்கும் கிரந்த வரிசைகளுக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 என்ற குறியேற்றத்தை 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து அங்கீகரித்தது. இன்று கைபேசியில் தமிழ் தட்டுகிற எவரும் பயன்படுத்துவது ஒருங்குறியைத்தான். அந்தக் கோரிக்கையை எழுப்பியவர்களின் மொழிப்பற்றில் எனக்கு ஐயமில்லை. எழுத்து என்பது என்ன என்ற இடத்தில்தான் அவர்கள் சறுக்கினார்கள். சிங்களத்தில் அந்தச் சறுக்கல் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் மொழியைப் பார்ப்போம். சிங்களப் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் ஹோடிய, அதாவது நெடுங்கணக்கில், ரகாராம்சய ஓர் எழுத்தாக இடம்பெறுவதில்லை. யம்சயவும் ரேபயவும் இடம்பெறுவதில்லை. மெய்யோடு ரகரமோ யகரமோ சேரும்போது எழுதும் விதம் என்றே அவை கற்பிக்கப்படுகின்றன. ‘க்ரமய’ என்ற சொல்லை அகராதியில் தேடுகிறவர் ககரத்தின் கீழேதான் தேடுவார். ‘க்ர’ என்று தனிப் பகுதி எதுவும் அங்கே இல்லை. குறியேற்றம் செய்திருப்பதும் இதையேதான்: ககரம், அல் லகுண, ரகரம். இடையில் இணைப்பி எதற்கு? சிங்களத்தில் ஒரே மெய்க்கூட்டத்தை எழுத ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகள் இருப்பதால்தான். ‘கர்ம’ என்ற சொல்லில் ரகரத்துக்கு அல் லகுண போட்டு மகரத்தைப் பக்கத்தில் எழுதலாம். ரகரத்தை ரேபயவாக்கி மகரத்தின் தலையில் ஏற்றியும் எழுதலாம். ஒலியும் பொருளும் ஒன்றுதான். பௌத்தப் பாளி நூல்களில் மூன்றாவது மரபு ஒன்றும் உண்டு: இரண்டு மெய்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதற்கும் குறியேற்றத்தில் வழி இருக்கிறது. இணைப்பியை அல் லகுணவுக்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வைத்தால் போதும். இணைப்பி எழுதும் பாணியை மட்டும் சொல்கிறது, எழுத்துகள் மாறுவதில்லை. அதைக் கண்டுகொள்ளாமல் தேடினால் மூன்று மரபுகளில் எழுதிய சொல்லும் அகப்படும். வடிவத்துக்கு ஒன்றாக எண் கொடுத்துவிட்டால், ரேபயவோடு அச்சான நூல்களில் ‘கர்ம’வைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

வடிவத்துக்கு ஓர் எண் என்ற முறை ஏற்கெனவே ஒரு தலைமுறைக் காலம் நடைமுறையில் இருந்தது என்பதை அதைக் கேட்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் கொழும்பின் அச்சகங்களையும் பத்திரிகைகளையும் ஆண்ட எழுத்துருக்கள் அப்படித்தான் செய்யப்பட்டன. எஃப்எம் வரிசை எழுத்துருக்களில் ரகாராம்சயவுக்குத் தனி இடமே உண்டு. ஆங்கில விசைப்பலகையின் விழுக்காட்டுக் குறி இருக்கும் இடம் அது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் நாட்டின் பெயரே ஆங்கில எழுத்துகளும் விழுக்காட்டுக் குறியும் காற்புள்ளியுமாகச் சிதறும். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, வேறோர் எழுத்துருவுக்கு மாற்றினால் படிக்கவும் முடியாது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு இன்றும் திண்டாடும் ஈழத்துப் பதிப்பாளர்களுக்கு இந்தத் துன்பத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய குழப்பம் ஆளுக்கோர் அட்டவணை வைத்திருந்ததால் வந்தது, எல்லாரும் ஏற்கும் ஒரே அட்டவணையாக இருந்திருந்தால் வந்திராது என்று பதில் வரும். பாதி உண்மை. ஒரே அட்டவணையாக இருந்தால் கோப்பு சிதறியிருக்காது. ஆனால் ரகாராம்சய தனிக் குறியாகவே நின்றிருக்கும். அதனுள் ஒரு ரகரம் இருக்கிறது என்பதைத் தேடலுக்கும் அகரவரிசைக்கும் யாராவது தனியே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். இன்றைய முறையில் அந்தச் செய்தி எழுத்திலேயே இருக்கிறது.

இனி, கேட்டபடியே ரகாராம்சயவுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த நாளிலிருந்து ‘ப்ரியந்த’ என்ற பெயரை இரண்டு விதமாக எழுதலாம்: பழைய வரிசையில் ஒன்று, புதிய எண்ணில் ஒன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். இவை இரண்டும் சமம் என்று ஒருங்குறியிலேயே அறிவித்துவிடலாமே என்பார்கள். அங்கேதான் கதவு மூடியிருக்கிறது. ஒரே எழுத்தைப் பல வழிகளில் இடக்கூடிய இடங்களில் அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்க விதிகள் ஒருங்குறியில் உண்டு. பழைய தரவுகள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, எவை எவற்றோடு கூடி ஒற்றை எண்ணாகும் என்ற பட்டியல் 2001ஆம் ஆண்டின் 3.1 பதிப்போடு உறைய வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு கூட்டு வடிவத்துக்குப் புது எண் கொடுத்து, அது பழைய வரிசைக்குச் சமம் என்றும் அறிவித்தால், இயல்பாக்கம் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் புது எண் கரைந்து பழைய வரிசையாகிவிடும். சமம் என்று அறிவித்தால் புது எண்ணால் பயனில்லை. அறிவிக்காவிட்டால் ஒரே பெயருக்கு இரண்டு எழுத்துமுறைகள் காலத்துக்கும் நிலைத்துவிடும். மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக இந்தக் கோரிக்கையாளர் எவரும் காட்டியதில்லை.

இரட்டை எழுத்துமுறை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ் ஸ்ரீயே சாட்சி. தமிழில் இது முதலில் ஸகரத்தை அடியாகக் கொண்டு எழுதப்பட்டது. 2005இல் வெளிவந்த 4.1 பதிப்பில் ஶகரம் சேர்ந்தபின், ஶகரத்தை அடியாகக் கொள்வதே முறை என்றாயிற்று. எழுத்துருக்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே உருவாகத்தான் வரைகின்றன. ஒரு முறையில் ‘ஸ்ரீரங்கம்’ என்று எழுதியவரின் பக்கம் மற்ற முறையில் தேடுபவருக்கு அகப்படுமா என்பது அந்தந்த மென்பொருளின் தயவைப் பொறுத்தது. ஶகரம் சேர்ந்ததில் தவறில்லை. அது உண்மையிலேயே வேறோர் எழுத்து. ஒரே தோற்றத்துக்கு இரண்டு அடி அமைந்ததுதான் தொல்லை. தமிழில் தற்செயலாக, ஒரேயோர் எழுத்தில் நேர்ந்த இந்த விபத்தைச் சிங்களத்தில் ரகரமும் யகரமும் கூடும் ஒவ்வொரு மெய்க்கும் திட்டமிட்டுப் பரப்ப வேண்டும் என்றே கேட்கிறார்கள்.

மலையாளத்துக்குக் கொடுத்தீர்களே என்பது எதிர்த்தரப்பின் மிக வலிய வாதம். உயிர் சேராத மெய்யைக் குறிக்கும் மலையாளச் சில்லெழுத்துகள் முதலில் மெய், மெய்யாக்கும் குறியான சந்திரக்கலை, இணைப்பி என்ற வரிசையாகத்தான் எழுதப்பட்டன; நெடிய தகராறுக்குப் பிறகு 2008இல் 5.1 பதிப்பில் அவற்றுக்குத் தனி எண்கள் கிடைத்தன. பிறகு சிங்களத்துக்கு மட்டும் ஏன் மறுப்பு? இரண்டையும் ஒன்றாக்கும் முன் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சில்லெழுத்து வருவதும் வராததும் மலையாளத்தில் சில இடங்களில் சொல்லையே மாற்றிவிடும் என்று அங்கே வாதிட்டார்கள். பொருள் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியில் தொங்கக் கூடாது என்ற அந்த வாதத்துக்கு வலு இருந்தது. சிங்களத்தில் ரகாராம்சயவோடு எழுதிய ‘க்ர’வும், அல் லகுண வெளியே தெரிய எழுதிய ‘க்ர’வும் படிப்பவர் வாயில் ஒன்றே. இரண்டாவது வடிவம் கண்ணை உறுத்தும். படித்தவர் அதைப் பிழை என்பார். ஆனால் வேறு சொல்லாக எவரும் வாசிக்க மாட்டார். அடுத்து, மலையாளம் வென்றது என்ன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2008க்கு முன் எழுதப்பட்டவை பழைய வரிசையில் கிடந்தன. பின்னால் எழுதப்பட்டவற்றிலும் எல்லாரும் ஒரே நாளில் புதிய எண்ணுக்கு மாறிவிடவில்லை. இரண்டுக்கும் சமன்பாடு கிடையாது. ஆகவே தேடல், சொற்திருத்தி, பெயர்ப்பதிவு என ஒவ்வொன்றிலும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் வேலையை மென்பொருள் செய்பவர்களே தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. மலையாளம் ஒரு தேவைக்காகக் கொடுத்த விலை அது. சிங்களத்துக்கு அந்தத் தேவையே இல்லாதபோது விலையை மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

ரேபயவும் யம்சயவும் மோதும் ஓர் இடம் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ரகரம், அல் லகுண, இணைப்பி, யகரம் என்று எழுதினால், ரகரம் ரேபயவாக ஏறுவதா, யகரம் யம்சயவாகத் தொங்குவதா என்று எழுத்துருதான் தீர்மானித்தாக வேண்டும். குறியேற்ற முறையில் உள்ள உண்மையான இடுக்கு இது. எனினும் எந்த வடிவம் வந்தாலும் ஒலி ‘ர்ய’தான். ஓர் இடுக்குக்காக வீட்டையே இடித்துக் கட்டச் சொல்ல முடியாது.

இடம் இல்லை என்ற சாக்கு செல்லாது, சிங்களத்துக்கு ஒதுக்கிய 128 கட்டங்களில் இன்னும் 37 காலியாக இருக்கின்றன என்று கணக்குக் காட்டுபவர்களும் உண்டு. கணக்கு சரி. 1999இல் 3.0 பதிப்பில் 80 எழுத்துகளோடு தொடங்கி, 2014இல் பழைய லித் இலக்கங்கள் பத்து சேர்ந்து, 2020இல் சந்திரபிந்து சேர்ந்து 91 ஆகியிருக்கிறது. ஆனால் இடமில்லை என்று சொல்லி ரகாராம்சயவை யாரும் மறுக்கவில்லை. சந்திரபிந்துவின் கதையையே பாருங்கள். அன்றாடச் சிங்களத்துக்குத் தேவைப்படாத குறி அது; சிங்கள எழுத்தில் வடமொழியை எழுதும்போது மட்டும் வேண்டியது. முதல் பதிப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் அதற்கு இடம் கிடைத்தது, ஏனென்றால் இருக்கும் எழுத்துகளை எப்படிச் சேர்த்தாலும் அதை எழுத முடியவில்லை. ஒருங்குறியில் இடம் தருமுன் கேட்கப்படும் கேள்வி அதுதான்: உள்ளதைக் கொண்டு எழுத முடியுமா? ரகாராம்சயவை எழுத முடிகிறது. நாள்தோறும் எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். சிரிக்கும் முகங்களுக்கு எண் உண்டு, எங்கள் எழுத்துக்கு இல்லையா என்ற ஆதங்கமும் இந்த இடத்தில் அடிபட்டுப்போகிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் எமோஜிக் குடும்பத்துக்கு ஒற்றை எண் கிடையாது. தனித்தனி ஆட்களை ஒட்டுவது, சிங்கள ஸ்ரீயில் இருக்கும் அதே அகலமில்லா இணைப்பிதான்.

வெளிநாட்டார் தங்கள் வசதிக்கு நம் எழுத்தை வெட்டிக் குறைத்துவிட்டார்கள் என்ற உணர்ச்சிவாதம் மேடையில் நன்றாக எடுபடும். ஆனால் சிங்கள அட்டவணை அதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1991இல் தமிழ் ஒருங்குறிக்குள் போனபோது இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியேற்றத்தின் அச்சில்தான் வார்க்கப்பட்டது. தேவநாகரிக்குள்ள கட்டங்கள் தமிழுக்கு வெறும் ஓட்டைகளாகக் கிடக்க, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ் நெடுங்கணக்கின் வரிசைக்குப் பொருந்தாத இடங்களில் நிற்கின்றன. சிங்களத்துக்கு அது நேரவில்லை. இலங்கை தன் தரமான எஸ்எல்எஸ் 1134ஐ 1996இல் வெளியிட்டிருந்தது. ஒருங்குறியில் சிங்களம் இந்திய அச்சைப் பின்பற்றாமல் தன் நெடுங்கணக்கு வரிசையிலேயே அமைந்தது. மூக்கொலி கலந்த சஞ்ஞக எழுத்துகளும் சிங்களத்துக்கே உரிய இரண்டு அகல ஏகாரங்களும் உரிய இடத்தில் இருக்கின்றன. குறிகளின் அதிகாரப் பெயர்கள்கூட ஏல பில்ல, இஸ் பில்ல என்று சிங்களப் பெயர்களாகவே உள்ளன. 2004இல் திருத்திய எஸ்எல்எஸ் 1134 இணைப்பி வரிசையை ஏற்று, விஜேசேகர விசைப்பலகையையும் அதற்கேற்ப வகுத்தது. தட்டெழுதுபவர் ரகாராம்சயவுக்கு ஒரே விசையைத்தான் அழுத்துகிறார். அல் லகுணவும் இணைப்பியும் ரகரமும் பின்னணியில் தாமாகச் சேர்ந்துகொள்கின்றன. இது கொழும்பில் சிங்களத்தவரே எடுத்த முடிவு. பிடிக்காவிட்டால் அவர்களோடு வாதாடலாம். இல்லாத சதியைத் தேட வேண்டாம்.

ஆக எஞ்சுவது ஒரே ஆட்சேபம். அது மட்டுமே உண்மையில் கனமானது. இணைப்பி கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே தொலைந்துபோகிறது. கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் குப்பை என்று கருதிக் கழித்துவிடும் நிரல்கள் உலகத்தில் ஏராளம். படிவத்தில் பெயரை நிரப்பி அனுப்பினால், தரவுத்தளத்துக்குள் போகும்போது இணைப்பி உதிர்ந்து, ஸ்ரீ இரண்டாக உடைந்து வெளியே வரும். இணையப் பெயர்களுக்கான 2003ஆம் ஆண்டு விதிகளே இணைப்பியை நீக்கச் சொன்னவைதான். 2010இல் வெளியான புதிய விதிகள் மெய்யாக்கும் குறிக்குப் பின் வந்தால் அதை அனுமதித்தன. உலாவிகள் அனைத்தும் அதற்கு மாற மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. குறுஞ்செய்தியில் வேறொரு நட்டம்: ஒரு செய்திக்கு 70 குறியெண்கள் என்ற எல்லையில் ஸ்ரீ மட்டும் ஐந்தைத் தின்றுவிடுகிறது. இவற்றை மறைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் பொறியாளர்கள் மேல் மக்களுக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கோபம் தவறான வாசலில் நிற்கிறது. இணைப்பியை உதிர்ப்பது குறியேற்றம் அன்று. குறியேற்றத்தை மதிக்காத மென்பொருள். அதைத் திருத்த முடியும் என்பதற்கு எமோஜியே அத்தாட்சி. இணைப்பியை வெட்டினால் குடும்பம் தனித்தனி ஆட்களாகச் சிதறுவதை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். சிங்களத்துக்காக அசையாத நிறுவனங்கள் எமோஜிக்காக அசைந்தன என்றே சொல்லலாம். புது எண் கேட்பவர்களுக்கும் இதே மென்பொருள்களைத் திருத்தும் வேலை காத்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. புதிய எண்ணை அறியாத எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் பழைய கைபேசிகளும் அதன் இடத்தில் வெறும் கட்டத்தைத்தான் காட்டும். அத்தனையையும் மாற்ற வைக்கும் அளவுக்குச் செல்வாக்கு இருந்தால், அதில் சிறு பங்கே இணைப்பியைக் காப்பாற்றப் போதும்.

போராட வேண்டிய இடங்கள் வேறு, அவற்றை யாரும் கவனிப்பதுமில்லை. ஒன்றைச் சொல்கிறேன். பின்னழிப்பு விசையை அழுத்தினால் எது அழிய வேண்டும், சுட்டி எங்கே தாவ வேண்டும், ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ண வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் அடிப்படையான எழுத்துப் பிரிப்பு விதிகள் ஒருங்குறியில் இருக்கின்றன. 2023இல் வந்த 15.1 பதிப்பில், மெய்க்கூட்டங்களை நடுவில் வெட்டாமல் ஒரே எழுத்தாகக் கொள்ளும் விதி சேர்ந்தது. தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகிய ஆறு எழுத்துமுறைகள் அதில் இடம்பெற்றன. சிங்களம் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது அந்த விதிப்படி ஸ்ரீ இரண்டு துண்டு: இணைப்பி ஒட்டிய சகர மெய் ஒன்று, ‘ரீ’ ஒன்று. ஸ்ரீ உண்மையில் உடையும் இடங்களில் இது ஒன்று. தனி எண் கேட்டு எழுதிக் குவித்த மனுக்கள் இதைத் தொடவே இல்லை. இணையப் பெயர்களின் உச்சியான மூல மண்டலத்தில் இணைப்பிக்கு இன்றும் அனுமதி இல்லை. அதுவும் வாதாட வேண்டிய இடம்தான்.

கொழும்பிலுள்ள தர நிறுவனத்தாரும் மொழி அறிஞர்களும் அடுத்த மனுவை எழுதும்போது புது எண்ணைக் கேட்க வேண்டாம். எழுத்துப் பிரிப்பு, இணையப்பெயர் போன்ற விதிப் பட்டியல்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, சிங்களம் அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் சான்றோடு இடம் கேளுங்கள். அரசுத் திணைக்களங்கள் வாங்கும் எந்த மென்பொருளையும், ‘ப்ரியந்த’ என்றும் ‘வித்யாலய’ என்றும் சிங்களத்தில் உள்ளிட்டு, இணைப்பி உதிராமல் திரும்ப வருகிறதா என்று சோதிக்காமல் ஏற்காதீர்கள்.